கொள்ளைநோயும் பிரயாணமும்

1897ஆம் ஆண்டில் இலங்கையின் சட்டநிரூபண சபை 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமொன்றை நிறைவேற்றியது. தொற்றுத்தடைக்கும் நோய்த்தடுப்புக்கும் உரிய சட்டம் அது. அதற்கு முந்திய ஆண்டிலே பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோய் கப்பல் வழியே எங்கும் பரவிவிடும் என்ற அச்சம் அன்று ஆசியத் துறைமுகங்கள் அனைத்தையும் பீடித்திருந்தது. இந்தியாவிலும் அதே ஆண்டில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. 123 ஆண்டுகள் கழிந்து, 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொவிட் நோயைத் தொற்றுத்தடைக்குரிய நோயென வர்த்தமானியில் அறிவிக்க நேர்ந்தபோது, இலங்கை அரசாங்கம் கையிலெடுத்ததும் இதே பழஞ்சட்டத்தைத்தான். கட்டுநாயக்கா விமான நிலையம் வருவோர்க்கு மூடப்பட்டது. மார்ச்சு 20ஆம் நாள் தீவு முழுவதும் ஊரடங்கியது.

அந்நாள்களில் வெளிவந்த பத்திரிகைகளைப் புரட்டுவோர் இருவகைச் செய்திகளைக் காண்பர். உல்லாசப் பிரயாணிகளின் திட்டங்கள் குலைந்தன, விடுதிகள் வெறிச்சோடின, அந்நியச் செலாவணி போயிற்று என்பன முதல்வகை. அவை முதற்பக்கத்தில் வந்தன. கொழும்பிலே கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்த தோட்டத்து இளைஞர் வீடு திரும்ப வழியின்றித் தத்தளித்தனர் என்பது இரண்டாவது வகை. அது உட்பக்கத்தின் மூலையில் வந்தது. நோய் ஒன்றே, சட்டமும் ஒன்றே. ஆயினும் பிரயாணஞ் செய்வோர் ஒரே தரத்தினர் அல்லர். கொள்ளைநோய் பிரயாணத்தைத் தடுத்த வரலாற்றை எழுதப் புகுவோர் யாருடைய பிரயாணம் என்ற கேள்வியை முதலில் எழுப்ப வேண்டும். சப்பிரகமுவ மாகாணத்தில், களனிப் பள்ளத்தாக்கின் ஓரமாய் அமைந்த ருவான்வெல்லையிலிருந்து பார்க்கும்போது அக்கேள்வி தெளிவாகவே தோன்றுகின்றது.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலிருந்து புறப்பட்ட உழவர்க்கு இலங்கைப் பிரயாணம் ஆண்டுதோறும் நிகழ்ந்ததொன்று. ஊரில் அறுவடை ஓய்ந்தபின் கங்காணியோடு கூடிக் கடல் கடப்பர். கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் மீள்வர். இராமேசுவரக் கரையிலிருந்து சிறு தோணிகளில் ஏறித் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கிய அவர்கள், வடக்குப் பாதை எனப்பட்ட காட்டு வழியே மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் நடந்தனர். குடிதண்ணீர் அரிதாயிருந்த வறண்ட வழி அது. வாந்திபேதியும் அம்மையும் குளிர்காய்ச்சலும் அவ்வழியில் அவர்களுடன் நடந்தன. நோயுற்றவனைத் தூக்கிக்கொண்டு நடக்க மற்றையோர்க்கு வலுவில்லை. காத்திருக்கக் கங்காணிக்கு நேரமில்லை. வழியோரத்து மரநிழலில் விடப்பட்டவன் மறுநாள் யார் கண்ணிலும் படுவதில்லை.

1841 முதல் 1848 வரையுள்ள எட்டாண்டுகளில் மாத்திரம் 70,000 பேர் இவ்வாறு மடிந்திருக்கக்கூடுமென ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. வந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் என்பது அதன் பொருள். இக்கணக்கு மிகையென வாதிடும் ஆராய்ச்சியாளர் உளர். வந்தோரையும் சென்றோரையும் சரிவர எண்ணி வையாத காலத்துக் கணக்கு ஆதலின் அவ்வாதத்துக்கு இடமுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், எண்ணி வையாமையே அக்காலத்தைப் பற்றி நமக்கு நிறையச் சொல்கின்றது. கோப்பி மூடைகள் எத்தனை கப்பலேறின என்ற கணக்கிலே இத்தகைய ஐயம் யாருக்கும் எழுந்ததில்லை.

பிளேக்கின் அச்சம் வந்தபோது அரசாங்கம் விழித்துக்கொண்டது. பல்லாயிரவர் பேதியால் மடிந்தபோது வழியிலே கொட்டகைகளும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் தயக்கத்தோடும் தாமதத்தோடும் அமைத்த அரசு, நோய் கொழும்புக்குள் வந்துவிடுமோ என்ற அச்சம் தோன்றியதும் 19ஆம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் வடக்குப் பாதையையே தொழிலாளர்க்கு மூடிவிட்டது. அதன்பின் தூத்துக்குடி வழியே கொழும்புக்குக் கப்பலில் வருவதே விதியாயிற்று. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாமும், இக்கரையில் இராகமையில் ஒரு முகாமும் அவர்களை நிறுத்திப் பரிசோதித்தன. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவன் என்பதைக் குறிக்கும் தகரச்சீட்டு கழுத்திலோ கையிலோ தொங்கிற்று. பொதிகளுக்கு விலாசம் கட்டுவதுபோல் மனிதர்க்கும் கட்டிய காலம் அது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் புகைவண்டி ஏறியவன், கடலை ஏறத்தாழ இருபது மைல் கடந்து, மீண்டும் புகைவண்டியேறிக் கொழும்பு சேரலாம் என்ற வசதி அக்காலத்தில் பெருமையாகப் பேசப்பட்டது. ‘போட் மெயில்’ என்ற பெயரை இன்றும் முதியோர் மறவார். ஆனால் அந்தப் புகைவண்டிப் பாதையின் ஓரத்திலேயே மண்டபம் முகாம் இருந்தது என்பதைப் பெருமை பேசுவோர் அதிகம் குறிப்பிடுவதில்லை. இந்திய மண்ணிலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்கு ஆளெடுக்கப்பட்டவர் அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் தங்க வேண்டும். அம்மைப்பால் குத்தப்படும். கொக்கிப்புழுவுக்கு மருந்து புகட்டப்படும். உடுத்த துணிகள் நீராவியில் அவிக்கப்படும். பேதியின் அறிகுறி ஒருவரிடம் தோன்றினாலும் கூட்டம் முழுவதும் நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்படும். உயர்வகுப்புச் சீட்டோடு அதே கப்பலுக்குச் செல்லும் துரைமார்க்கும் வணிகர்க்கும் மருத்துவர் முன் ஒரு தோற்றம் போதுமானது. முகாமில் தங்கும் கட்டாயம் கூலிகளுக்கும் கீழ்வகுப்பில் வந்த ஏழைகளுக்குமே உரியதாயிற்று.

இதனைச் சொல்லும்போது நேர்மையான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டியிருக்கின்றது. முகாம் உயிர்களைக் காத்ததல்லவா? காத்தது. வடக்குப் பாதையில் மாண்டவர்களையும் மண்டபம் வழியே வந்தவர்களையும் ஒப்பிடுவோர் இதனை மறுக்க முடியாது. அம்மைப்பால் நல்லது, கொதித்த நீர் நல்லது, கொக்கிப்புழு மருந்தும் நல்லதே. நாம் வினவுவது வேறு. பேதிக் கிருமி சீட்டின் வகுப்பைப் பார்த்தா தொற்றுகிறது? விஞ்ஞானத்தின் பெயரால் நடந்த காரியத்திலே விஞ்ஞானத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றும் கலந்திருந்தது. அது நோயையும் ஏழையையும் ஒன்றாகக் கருதும் மனப்பாங்கு. 1914இலேயே கொழும்பில் பிளேக்கு முதன்முதலாகத் தோன்றியபோது இம்மனப்பாங்கு வெளிப்படையாகவே பேசியது. அரிசி மூடைகளோடு கப்பலில் வந்திறங்கும் எலிகளைப் பற்றி மருத்துவர்கள் பேசினர். அரிசியை உண்ணும் இந்தியர்களைப் பற்றி மற்றவர்கள் பேசினர்.

யாத்திரிகர்க்கும் இதே கதைதான். கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்குக் கால்நடையாய்ச் சென்ற அடியார் கூட்டங்களிலே பேதி பரவுகிறதென்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் அநுமதிச்சீட்டு முறையைக் கொண்டுவந்தது. கூட்டம் வெகுவாய்ச் சுருங்கியது. பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தபோது இந்த யாத்திரையை மேற்பார்வை செய்தவர். முருகனைக் காணச் செல்வோர்க்கு வெள்ளைக்காரன் சீட்டு எழுதிய விந்தையைச் சமயவாதிகள் கண்டிப்பதுண்டு. பேதியைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

இனி ருவான்வெல்லைக்கு வருவோம்.

ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்து ஊர் இது. குருகொட ஓயா களனி கங்கையைத் தேடிச் செல்லும் வழியில் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் கட்டிய கோட்டையின் எச்சம் இங்குண்டு. அக்கோட்டை நிலத்தில் அமைந்த வாடி வீடு கொழும்பிலிருந்து வரும் துரைமார்க்கும் உத்தியோகத்தர்க்கும் இளைப்பாறும் இடமாயிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் வந்தது. களனிப் பள்ளத்தாக்கின் சிறு புகைவண்டி அவிசாவளையைக் கடந்து எட்டியாந்தோட்டை வரை நீண்டது. மண்டபத்தில் அம்மைப்பால் குத்திக்கொண்டு வந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தச் சிறு வண்டியில் ஏறி இம்மலைச்சரிவுகளுக்கு வந்து சேர்ந்தனர். பால்வெட்டும் தொழில் அவர்களுடையதாயிற்று. சூழவுள்ள சிங்களக் கிராமத்தவரிலும் பலர் இறப்பர்த் தோட்டங்களில் நாட்கூலிக்குச் சென்றனர்.

மலேரியா என்றால் அநுராதபுரம், வன்னி, அம்பாந்தோட்டை என்றே அக்காலத்தவர் எண்ணினர். வறண்ட வலயத்து நோய் அது. ருவான்வெல்லையிலும் கேகாலையிலும் மழை ஓயாமையால் ஆறுகள் எப்பொழுதும் பெருக்கெடுத்தோடி, நுளம்பின் முட்டைகளையும் குடம்பிகளையும் அடித்துச் சென்றுவிடும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் களனி கங்கையின் கிளைகளும் ஓட்டம் நின்று, மணலுக்கும் பாறைக்கும் இடையே குட்டை குட்டையாய்த் தேங்கின. வெயில் படும் தெளிந்த நீரே ‘அனோபிலிஸ் குலிசிபேசிஸ்’ என்ற நுளம்புக்கு மிக உவந்த இடம். எனவே வறட்சி அதற்குப் பொற்காலமாயிற்று. நோய்க்குப் பழகிப்போன உடம்பு வன்னியானுக்கு உண்டு. ஈரவலயத்தானுக்கு அது இல்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் தொடங்கிய காய்ச்சல், ஆண்டு முடியுமுன் குருநாகல், கேகாலை மாவட்டங்களை முழுவதும் வளைத்துக்கொண்டது.

ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவில் 80,000 பேர் அளவில் சில மாதங்களுக்குள் மடிந்தனர். காய்ச்சலுற்றோர் தொகை 15 இலட்சத்தை எட்டியது. 1935ஆம் ஆண்டின் மரண வீதம் ஆயிரத்துக்கு 36.6. பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 263 பேர் தம் முதல் ஆண்டைக் கடக்கவில்லை. நாலில் ஒரு குழந்தைக்கு மேல் என்று சொன்னால் இன்னுந் தெளிவாய் விளங்கும்.

மழை பொய்த்ததும் நுளம்பு பெருகியதும் இயற்கையின் செயல். ஆயின், மரணம் முழுவதும் அவற்றின் செயலன்று. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இறப்பரின் விலையை அதலபாதாளத்துக்குத் தள்ளியிருந்தது. 1932இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பர் இரண்டு பென்சு அளவுக்கு வீழ்ந்தது. தோட்டங்கள் பால்வெட்டை நிறுத்தின. தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். கிராமத்து நாட்கூலி இல்லாமற் போயிற்று. வறட்சியால் நெல்லும் பொய்த்தது. காய்ச்சல் வந்தபோது மக்கள் ஏற்கெனவே அரைப்பட்டினி. கொயினா மாத்திரையை விழுங்கினாலும் தேற உடம்பில் இரத்தமில்லை. முதலாளித்துவத்தின் நெருக்கடி நுளம்பின் முதுகிலேறி வந்தது என்று கூறினால் அது வெறும் மேடைப் பேச்சாகாது.

இக்காலத்துப் பிரயாணத்தைப் பற்றியே நமக்கு அக்கறை. கண்டிக்குச் செல்லும் பெருவழி கேகாலை மாவட்டத்தின் ஊடாகவே செல்கின்றது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் ஓரிரு நாளில் மோட்டாரேறிக் கண்டிக்குச் சென்று தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டு மீளும் வெள்ளைக்காரப் பிரயாணிகளின் வழி அது. பெருவழியிலிருந்து இரண்டு மைல் உள்ளே சென்றால் காய்ச்சலில் கிடப்பவர்க்குத் தண்ணீர் வார்க்க ஆளில்லாத வீடுகள். அங்கிருந்து மருந்தகத்துக்குக் காய்ச்சலோடு நடந்து செல்ல வேண்டும். மருந்தகத்துக்கு நடப்பதே அந்நாளில் கிராமத்தான் செய்த பெரும் பிரயாணம். பாதி வழியில் விழுந்தவரும் உண்டு.

எதிர்த் திசையிலும் ஒரு பிரயாணம் நடந்தது. நவம்பர் 11ஆம் நாள் பிரித்தானியப் படைவீரர் நிதிக்காகப் பொப்பிப் பூ விற்பதற்கு எதிராக, சூரிய மல் எனப்படும் பூவரசம் பூவை விற்ற இயக்கம் 1930களின் தொடக்கத்தில் தோன்றியிருந்தது. 1933 முதல் டொரீன் யங் முதலியோர் முன்னின்று அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினர். காய்ச்சல் பரவியபோது அவ்வியக்கத்தார் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குப் புறப்பட்டனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, வைத்தியர் மேரி இரத்தினம், என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். மக்களைக் கொல்வது காய்ச்சலோடு கூடிய பட்டினியே என்பதைக் கண்ட அவர்கள், கொயினாவோடு பருப்பும் அரிசியும் கொண்டு சென்றனர். ‘மாமைட்’ என்னும் நொதியச் சாற்றை உருண்டையாக்கிக் கொடுத்தனர். அவர்களுள் ஒருவரை மக்கள் ‘பருப்பு மாத்தையா’ என்றே அழைக்கலாயினர். ருவான்வெல்லைக்குக் கொழும்பிலிருந்து படித்தவன் ஒருவன் வந்தால் வாடி வீட்டில் தங்கி ஆற்றைப் பார்த்துவிட்டுப் போவான் என்றிருந்த காலத்திலே, குடிசைக்குள் நுழைந்து பாயில் கிடப்பவனின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் படித்தவர்கள் வந்தனர்.

அதன் பயன் அரசியலில் விளைந்தது. 1935 டிசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் என். எம். பெரேரா ருவான்வெல்லையிலும் பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வென்றனர். அதற்கு முன் ருவான்வெல்லைத் தொகுதி 1931இல் அடலின் மொலமூரேயைச் சபைக்கு அனுப்பியிருந்தது. அச்சபையில் அமர்ந்த முதற் பெண்மணி என்ற சிறப்பு அவருக்குரியது. ஆயினும் அது பெரிய வளவுக் குடும்பத்தின் செல்வாக்கால் வந்த ஆசனம். காய்ச்சற் காலத்துக்குப் பின் அச்செல்வாக்கு ஆட்டங்கண்டது.

இடதுசாரி இயக்கத்தின் இவ்வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். எழுதுவோர் கிராமத்தோடு நின்றுவிடுகின்றனர் என்பது நமது குறை. தோட்டங்களில் நிலைமை என்ன? கிராமங்களோடு ஒப்பிடின் லயங்களில் மரணம் குறைவாகவே இருந்தது. தோட்டத்து மருந்தகத்தில் கொயினா இருந்தது. 1912இன் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டக்காரன் தலையில் சில கடமைகளைச் சுமத்தியிருந்தது. அரிசி தோட்டத்திலேயே வழங்கப்பட்டது. லயங்கள் பெரும்பாலும் ஆற்றோரத்தை விட்டு மேட்டில் அமைந்திருந்தன. இதனைக் கொண்டு தோட்ட முறையைப் புகழ்வாரும் உளர். மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவன் அன்பினால் மாத்திரம் போடுவதில்லை. மண்டபத்தில் செலவு செய்து சோதித்துக் கொண்டுவந்த உழைப்பு நோயில் வீணாகக்கூடாது என்ற கணக்கு அதிலே இருந்தது. கிராமத்தான்மேல் அப்படியொரு முதலீடு யாருக்கும் இல்லை. ஆதலால் அவனைச் சாக விட்டனர். ஒரே மலையின் மேட்டிலும் பள்ளத்திலும் வாழ்ந்த இரு ஏழை மக்களின் கதி ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களில் எழுதப்பட்டிருந்தது.

மேலும் ஒன்று. 1939 ஆகஸ்டு முதல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாள் செல்வதைத் தடை செய்தது. பத்தாண்டு கழித்து, 1949இல், இந்தியர் பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தொடர்ச்சியாய் இலங்கையில் வசித்ததற்கு ஆதாரம் காட்டு என்று தொழிலாளியைக் கேட்டனர். தாயின் சாவுக்கு ஊர் போய்த் திரும்பத் தாமதித்தவனுக்கு அந்தப் பிரயாணமே வினையாயிற்று. துரைமார் ஆறு மாத விடுமுறையில் சீமைக்குப் போய் வந்ததைப் பற்றி இவ்வாறு யாரும் கேட்டதாக நாம் அறியோம்.

மலேரியாவின் பிற்கதை சுருக்கமானது. 1945இன் பின் டி.டி.ரி. மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. 1963இல் தீவு முழுவதும் 17 பேருக்கே நோய் கண்டது. தெளிப்பதை நிறுத்தினர். 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அது மீண்டும் வந்தது. நெடும் முயற்சியின் பின், உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் காணப்பட்டார். 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. இப்போது பிறநாடு சென்று மீள்வோர் வழியாகவே அந்நோய் வரக்கூடும் என்பதால் அத்தகைய பிரயாணிகளின் இரத்தத்தைச் சுகாதாரப் பகுதியார் பரிசோதிக்கின்றனர்.

உல்லாசப் பிரயாணத்தைத் தொழிலாக ஒழுங்குசெய்ய 1966இல் சட்டம் இயற்றப்பட்டது. நமது மாவட்டத்துக்கும் அதில் பங்கு கிடைத்தது. ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்தை எடுத்த இடமாகிய கித்துல்கலவில் களனி கங்கையின் பாய்ச்சலில் இறப்பர்ப் படகு விடும் பொழுதுபோக்கு வளர்ந்தது. 1975இல் பின்னவலையில் யானைக் குட்டிகளுக்கான காப்பகம் தோன்றியது. அங்கே யானைகள் நீராடுவது மகா ஓயாவில். 1934இல் நுளம்பு பெருகிய அதே ஆறு. படகோட்டும் இளைஞன், யானைப் பாகன், வழியிலே இளநீர் வெட்டிக் கொடுப்பவன், விடுதியில் துணி தோய்க்கும் பெண் என இத்தொழிலை நம்பி வாழ்வோர் இப்பகுதியில் ஏராளம். இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

2018இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 23 இலட்சத்துக்கு மேல். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் 19 இலட்சமாயிற்று. 2020இல் 5 இலட்சம். 2021இல் 2 இலட்சமும் நிறையவில்லை. வருமானம் 2018இல் 438 கோடி டொலராயிருந்தது, 2021இல் 51 கோடி அளவில் நின்றது. இலங்கையில் கொவிட் கண்ட முதல் ஆள் 2020 சனவரியில் வந்த சீனப் பெண்மணி. அவர் குணமடைந்து நாடு திரும்பியபோது சுகாதார அமைச்சர் கட்டித் தழுவி வழியனுப்பினார். உள்நாட்டவருள் முதலில் நோயுற்றவர், மார்ச்சு மாதத்தில், இத்தாலியப் பிரயாணிகளுக்கு வழிகாட்டியாய்ச் சென்ற ஒருவர். பிரயாணத் தொழிலின் சம்பளத்தோடு அதன் நோயையும் பெற்றவர் அவர். தழுவலும் அச்சமும் யார் யாருக்குப் பங்கிடப்பட்டன என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

வெளிநாட்டார் வரவு நின்றபோதும் கேகாலைக்கு மக்கள் திரள் திரளாய் வந்த ஒரு விந்தையும் நிகழ்ந்தது. 2020 டிசம்பரில், ஹெட்டிமுல்லையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து காய்ச்சிய பாணி கொவிட்டைத் தீர்க்கும் எனப் பரவிய செய்தியைக் கேட்டு, தீவின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அவ்வீட்டின் முன் நெருங்கி நின்றனர். கூட்டம் கூடாதே என்ற நோய்க்காலத்திலே நோய் தீர்க்கும் கூட்டம்! அமைச்சர்களே அதனை அருந்திக் காட்டினர். பாமரரை நகைப்பதில் நமக்கு விருப்பமில்லை. மருந்தில்லாத வேளையில் மனிதன் எதையும் நம்புவான். 1935இலும் பேய்க்குப் பலியிட்டவர் இருந்தனர். விஞ்ஞானத்தைப் பரப்பும் பொறுப்புடையோர் பாணிக் கிண்ணத்தைக் கையிலேந்தியதே வெட்கக்கேடு.

ஊரடங்கு வேளையிலும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வேலை நடக்கலாம் என விலக்களிக்கப்பட்டது. கொழும்பில் உத்தியோகத்தன் வீட்டில் இரு என்று பணிக்கப்பட்ட நாளில், தோட்டத்தில் பெரட்டுக் களத்துக்கு வா என்று கொம்பு ஊதியது. கொழும்பிலிருந்து எப்படியோ ஊர் வந்து சேர்ந்த பிள்ளைகளைத் தனிமைப்படுத்தும்படி சுகாதாரப் பரிசோதகர் அறிவித்தல் ஒட்டினார். பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பராவில் ஆறு பேர் வாழும் வீட்டில் தனிமை எங்கே இருக்கிறது? தண்ணீர்க்குழாய் பொது, மலசலகூடம் பொது, ஒரு சுவரின் இருபுறமும் இரு குடும்பம். ஒரு கதவில் ஒட்டிய அறிவித்தல் லயம் முழுவதையும் அடைத்துவிடும். பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், கைத்தொலைபேசியில் பாடம் கேட்க அலை கிடைக்குமிடம் தேடி நம் மாணவர்கள் இறப்பர் மலையின் உச்சிக்கு ஏறினார்கள். அட்டைக்கடியோடு இறங்கி வந்தார்கள். பிரயாணத் தடையிலும் அவர்களுக்கு ஒரு பிரயாணம் மிச்சமிருந்தது.

1,000 ரூபாய் நாட்சம்பளம் பலவாண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. அடுத்த ஆண்டே அந்த ஆயிரத்தின் மதிப்புப் பாதியாய்ச் சுருங்கிற்று. செலாவணி வறண்டமைக்கு உல்லாசப் பிரயாணிகள் வராமையே முழுக் காரணமன்று. வரிக்குறைப்பும் கடன் சுமையும் அரசின் பிழைகளும் பெருங் காரணங்கள். ஆயினும் செலாவணிக்கு விடுதிகளை நம்பச் செய்த கொள்கையும் அவற்றுள் ஒன்று. 2022 ஏப்ரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். மாவின் விலை ஏறியதால் தோட்டத்து வீடுகளில் ரொட்டியின் தடிப்புக் குறைந்தது.

அதற்கு முந்திய மாதம், 2022 மார்ச்சில், பசி தாளாது மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலிருந்து சில குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு சிறு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கின. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட பழைய வழி அதுவே, திசை மாத்திரம் மாறியிருந்தது. தமிழ்நாட்டு அதிகாரிகள் அவர்களை விசாரித்து, மண்டபம் முகாமில் தங்க வைத்தனர்.